சிபியூ மட்டும் கொண்டு வாங்க

எனக்கு எழுதத் தெரியாது. அடக்கத்துக்காக இதைச் சொல்லவில்லை. பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் சிபியூ பெட்டியின் முதுகில் ஒட்டும் துண்டுச் சீட்டுகள்தான். 'ஆன் ஆகவில்லை', 'சத்தம் வரவில்லை', 'மிக மெதுவாக உள்ளது'. நம் தொழிலில் இருப்பவர்கள் சேர்ந்து போடும் மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டபோது, முடியாது என்று சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு தலையாட்டிவிட்டேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு என்னைவிட நிறையத் தெரியும். நீங்கள் செல்போனுக்குள் இருக்கும் சிப்பை எடுத்து மாற்றுகிறீர்கள். என் கண்ணுக்கு அது இப்போது தெரிவதே இல்லை. அதனால்தான் வேலையை விட்டுவிட்டு மேஜையிலிருந்து எழுந்தேன்.

புதுப்பட்டினம் கடைத்தெருவில் ஒரு சர்வீஸ் கடையில் இருந்தேன். கடை வைத்திருந்தவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். தொழில் அவரிடம் கற்றுக்கொண்டது. பேசினால் நான்கு கடை தள்ளிக் கேட்கும். நான் அதற்கு நேர் எதிர். வாடிக்கையாளர் உள்ளே வந்தால் ஸ்க்ரூ டிரைவர் கீழே விழுந்துவிட்டது போல மேஜைக்கு அடியில் குனிந்துகொள்வேன். "எங்க அந்தம்மா? நண்டு மாதிரி பூந்துக்கிச்சா?" என்று அண்ணா கேட்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். நான் இன்னும் கொஞ்ச நேரம் குனிந்தே இருப்பேன்.

நம் ஊர் இயந்திரங்களுக்கு வரும் நோய் உங்களுக்குத் தெரியும். கடல் காற்று. ஜன்னலைச் சாத்தி வைத்தாலும் உப்பு உள்ளே போகும். உள்ளே இருக்கும் ரேம் அட்டையின் தங்கப் பல்வரிசையில் ஒரு மங்கல் படியும். கழற்றி, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ரப்பரால் தேய்த்து, திரும்பச் சொருகினால் பாதி இயந்திரங்கள் எழுந்துவிடும். மீதியை, உள்ளே இருப்பதையெல்லாம் அழித்து, ஃபார்மட் போடுவோம். அண்ணாவிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. யார் போன் செய்தாலும், "சிபியூ மட்டும் கொண்டாங்க. மானிட்டர், கீபோர்டு, மவுசு ஒண்ணும் வோணாம்" என்பார். கடை சிறியது. எல்லாவற்றையும் வாங்கி வைத்தால் மாறிப்போகும், சண்டை வரும். எல்லாக் கடையிலும் அப்படித்தான் சொல்கிறார்கள். நீங்களும் சொல்வீர்கள். நான் எழுத வந்தது அதைப் பற்றித்தான்.

கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் கருவிகளைப் பழுது பார்க்கும் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு எங்கள் பக்கம் வாடகைக்கு வந்திருந்தார். தென்காசிப் பக்கத்துக்காரர்கள். சாருக்கு வந்த சில மாதத்தில் பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. இடது கை நன்றாக இருந்தது. அவரிடம் ஒரு பழைய கம்ப்யூட்டர். அதில் ஒரு பழைய விமான கேம். மலைகளுக்கு நடுவே சின்ன விமானத்தை ஓட்டிக்கொண்டே போக வேண்டும். சுடுவது, குண்டு போடுவது எதுவும் கிடையாது. பறப்பது மட்டும்தான். வேலையில் இருந்த காலத்திலேயே ஷிஃப்ட் முடிந்து வந்து அதை ஆடுவாராம். தலையில் பொத்தான் வைத்த கைப்பிடியை, ஜாய்ஸ்டிக்கை, இடது கையால் பிடித்து ஓட்ட முடிந்ததால் பக்கவாதத்துக்குப் பிறகும் அது மட்டும் அவரிடம் நின்றது.

இதெல்லாம் எனக்கு அவர் மனைவி முதல் முறை போன் செய்தபோதுதான் தெரிந்தது.

"எம்மா, அந்த கேம் ஓட மாட்டேங்கு. ஏரோப்ளேன் வந்து நிக்கி. அதுக்கு மேல நகர மாட்டேங்கு."

"வேற எல்லாம் வேலை செய்யுதாம்மா?"

"பாட்டு பாடுது, படம் தெரியுது. இது மட்டுந்தான். கொஞ்சம் சீக்கிரம் பாத்துக் குடும்மா. அவுக அத ஆடும்போதுதான் வாயத் தொறப்பாக. நான் பக்கத்துல இருந்து இட்லிய ஊட்டிருவேன். இது நின்னதுலேர்ந்து கஞ்சிதான், அதுவும் பாதி வெளிய வந்துருது."

அண்ணா போனை வாங்கி, "அம்மா, சிபியூ மட்டும் குட்த்தனுப்புங்க" என்றார்.

சிபியூ ஆட்டோவில் வந்தது. குழந்தையைக் குளிப்பாட்டித் துவட்டும் துண்டு போன்ற ஒரு பூத்துண்டில் சுற்றிக் கட்டியிருந்தார்கள். திறந்தேன். உள்ளே தூசி கூட இல்லை. ரேமைத் தேய்த்துப் போட்டேன். கேமைத் தொடங்கினேன். ஓடுபாதையில் விமானம் வந்து நின்றது, காற்றாடி சுழன்றது, கிளம்பிவிட்டது. எந்தச் சிக்கலும் இல்லை. உப்புதான் என்று நினைத்தேன். துண்டில் கட்டித் திருப்பி அனுப்பினேன்.

அன்று மாலையே போன். "மறுபடியும் நிக்கிம்மா."

மறுபடியும் வந்தது. சத்தம் வர வைக்கும் சவுண்டு டிரைவர் மென்பொருளை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். பழைய கேம்கள் தொடங்கும்போது சத்தம் போட வழியில்லை என்றால் அப்படியே நின்றுவிடும். மேஜையில் மதியம் முழுக்க ஓட விட்டேன். விமானம் தானாகப் போய் மலையில் முட்டும், மறுபடி தொடங்கும், மறுபடி முட்டும். எங்கேயும் நிற்கவில்லை. அனுப்பினேன். வீட்டில் நின்றது.

மூன்றாவது முறை வந்தபோது ஆட்டோக்காரரே கேட்டார். "இன்னாக்கா, இத்த நானே வச்சிக்கட்டுமா? போவுது வருது, போவுது வருது. எனக்கு சவாரி, ஒனக்கு பேஜாரு."

"ஃபார்மட் போட்டு வுடும்மா" என்றார் அண்ணா. "எத்தினி தபா பாப்ப?"

"போட்டா கேம் போயிடும்ணா. அவங்க கிட்ட சிடி இருக்குது, ஆனா மேல எல்லாம் பூஞ்சை. எது வச்சும் படிக்க மாட்டேங்குது."

"காப்பி எட்துக்கினு போடு."

"காப்பி எடுத்துப் போட்டா வேலை செய்யாது. அந்தக் காலத்து கேமு. ஒரு தடவை போனா போனதுதான்."

அண்ணா துண்டின் முடிச்சைத் திரும்பக் கட்டினார். பிறகு, "அப்ப வூட்டுக்குப் போய்ப் பாரு" என்றார்.

வீட்டுக்குப் போவது எனக்குப் பிடிக்காத வேலை. கதவு திறப்பவர்கள் என்னைத் தாண்டி என் பின்னால் யாராவது ஆண் வருகிறாரா என்று பார்ப்பார்கள். பிறகு நாற்காலி போடுவார்கள், காபி கொடுப்பார்கள், பக்கத்திலேயே நின்றுகொண்டு பார்ப்பார்கள். ஆனால் ஃபார்மட் போட மனம் வரவில்லை. சிபியூவை மடியில் வைத்துக்கொண்டு அதே ஆட்டோவில் போனேன்.

அந்த அம்மா என் பின்னால் யாரையும் தேடவில்லை. "வாம்மா, வா" என்று உள்ளே கூட்டிப்போனார். சார் சக்கரம் வைத்த நாற்காலியில் மேஜைக்கு முன்னால் தயாராக இருந்தார். முகம் சவரம் செய்து, சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் தாடையால் சிபியூவைக் காட்டினார். அதுதான் கெட்டது, அதைப் பார் என்பது போல. அவர் வாயிலிருந்து ஒரே ஒரு ஒலிதான் வரும். "ம்."

இணைப்புகளை மாட்டி ஆன் செய்தேன். கேமைத் தொடங்கினேன். ஓடுபாதையில் விமானம் வந்து நின்றது. காற்றாடி சுழலவில்லை.

கடையில் ஓடியது இங்கே நிற்கிறது. கடையில் இல்லாதது இங்கே என்ன இருக்கிறது? அப்போதுதான் ஜாய்ஸ்டிக்கைப் பார்த்தேன். எத்தனை முறை அந்தப் பெட்டி எங்களிடம் வந்தது! ஒரு முறைகூட இது கூட வரவில்லை. நாங்கள்தான் வேண்டாம் என்றோம். ஸ்டிக் மாட்டியிருந்தால் இந்த கேம், அதன் பொத்தானை ஒரு தரம் அழுத்தி விரலை எடுப்பதற்காகக் காத்திருக்கும். மாட்டாவிட்டால் காத்திராமல் தானே கிளம்பிவிடும். கடையில் அது கிளம்பியதற்குக் காரணம் அதுதான். என் ரப்பரும் கிடையாது, டிரைவரும் கிடையாது.

பொத்தான் உப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்தேன். ஸ்டிக்கைக் கழற்றித் துடைத்தேன். திரும்பப் பூட்டி, அழுத்தி, விரலை எடுத்தேன். டிக். காற்றாடி சுழன்றது.

"ஓடுதே!" என்று அந்த அம்மா கையைத் தட்டிவிட்டார். "அட கடவுளே, இம்புட்டுதானா! இதுக்கா இத்தன நாளு அந்த ஆட்டோக்காரன அலைய விட்டோம்? ஏங்க, பாத்தியளா? இந்தப் பொண்ணு ஒரு நிமிசத்துல..." சொல்லிக்கொண்டே சமையலறைக்கு ஓடினார். தட்டும் கரண்டியும் சத்தம் போட்டன. இட்லியைச் சட்னியோடு பிசைந்து எடுத்து வந்தார்.

நான் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக ஒரு வேலையை முடித்ததில்லை. கேமை மூடிவிட்டு, "சார், நீங்களே தொடங்குங்க" என்றேன்.

அண்ணா சொல்லிக்கொடுத்த ஒரு நல்ல பழக்கம் அது. முடித்துவிட்டு நீ ஓட்டிக் காட்டாதே, அவர்களை ஓட்டச் சொல். அன்றைக்கு அந்தப் பழக்கத்தை மறந்திருந்தால் நான் சிரித்துக்கொண்டே வீடு திரும்பியிருப்பேன்.

சார் இடது கையை ஸ்டிக்கின் மேல் வைத்தார். விமானம் வந்து நின்றது. கட்டைவிரல் பொத்தானை அழுத்தியது. காற்றாடி சுழலவில்லை.

"விடுங்க சார். அழுத்திட்டு விடணும்."

அவர் விடவில்லை. நகம் வெளுத்திருந்தது. முழங்கை வரை நரம்பு புடைத்திருந்தது. நெற்றியில் வேர்வை. அழுத்துவதற்காக அவ்வளவு பாடுபடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு புரிந்தது. எடுப்பதற்காகப் பாடுபடுகிறார். விரல் எடுபடவில்லை.

நான் என் விரலால் அவருடைய கட்டைவிரலை மெல்லத் தூக்கினேன். சூடாக இருந்தது. காற்றாடி சுழன்றது. விமானம் கிளம்பியது. ஸ்டிக்கைப் பிடித்திருந்த கை அசையாததால் நேராகப் போய் முதல் மலையில் முட்டியது.

அந்த அம்மா தட்டோடு நின்றுகொண்டிருந்தார். பார்க்கவில்லை. இட்லியை ஊதிக்கொண்டிருந்தார்.

சார் என்னைப் பார்த்தார். அவர் வாழ்நாள் முழுக்க மீட்டர்களைப் பழுது பார்த்தவர். பழுது எங்கே இருக்கிறது என்று அவருக்கு எங்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. மனைவி ஸ்டிக்கைத் தொட வந்தால் உறுமித் தள்ளிவிடுவாராம், அதை அந்த அம்மா பிறகு சொன்னார். சிபியூ கடையில் இருக்கும் வரை கெட்டது சிபியூதான். அவர் மறுபடியும் தாடையால் அந்தப் பெட்டியைக் காட்டினார். "ம்" என்றார். என்னிடம் என்ன கேட்கிறார் என்று தெரிந்தது.

"கொஞ்சம் இருங்கம்மா, கடைக்கு ஒரு போன் பண்ணிட்டு வரேன்" என்று வாசலுக்கு வந்துவிட்டேன். மேஜை இல்லாத இடத்தில் என்னால் குனிய முடிந்தது அவ்வளவுதான்.

"மிஷினு ஓடுதா?" என்றார் அண்ணா.

"ஓடுதுண்ணா. ஸ்டிக்கும் நல்லா இருக்குது."

"அப்றம் இன்னா? கெளம்பி வா."

"அவர் கைதாண்ணா. அந்தக் கையும் போய்க்கினு இருக்குது. அவங்களுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். சொல்லாதேங்கறார்."

"பேச்சே வராதுன்னே?"

"கண்ணால சொல்றாரு."

நான்கு கடை தள்ளிக் கேட்கும் குரலை அண்ணா இறக்கினார்.

"நாம இன்னா டாக்டரா?" என்றார். பிறகு, "சொல்லிட்டு வா. சொல்லாம வந்தேன்னு வையி, நாளைக்கு என் மூஞ்சில முழிக்காத" என்று வைத்துவிட்டார்.

வார்த்தைகளை மனத்துக்குள் அடுக்கிக்கொண்டு உள்ளே போனேன். வெளியே வரும்போது அவை கலைந்திருந்தன.

"அம்மா, கம்ப்யூட்டர்ல எதுவும் இல்லை. சார் கையை டாக்டர்கிட்ட காட்டணும். இன்னிக்கே."

"எந்தக் கைய?"

"இடது கை. பிடிச்சா விட முடியல அவரால."

அந்த அம்மாவின் முகம் சிவந்தது. "நீ கம்ப்யூட்டர் பாக்க வந்தியா, கை பாக்க வந்தியா? இப்பத்தான ஓடிச்சு? என் கண்ணு முன்னாடி ஓடிச்சே! வந்த எடத்துல என்ன வேணும்னாலும் சொல்லுவியளோ?" தட்டை மேஜையில் வைத்த வேகத்தில் கரண்டி கீழே விழுந்தது. நான் குனிந்து அதை எடுத்தேன். நிமிர்ந்தபோது அவர் கணவரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை இன்னும் ஸ்டிக்கின் மேலேயே இருந்தது.

"டம்ளரு..." என்றார்.

நான் காத்திருந்தேன்.

"காபி குடிச்சிட்டு டம்ளரத் திருப்பித் தர மாட்டேங்காக. இழுத்தாலும் விட மாட்டேங்காக. வீம்புன்னு நெனச்சேன்மா. நேத்துக்கூட ஏசினேன். 'அதையும் சேத்து முழுங்கிருங்க'ன்னு ஏசினேன்."

சார் கண்ணை மூடிக்கொண்டார். அவர் பார்க்காதபோதே அவர் கையை அம்மாவும் நானும் சேர்ந்து ஸ்டிக்கிலிருந்து பிரித்தோம். ஒவ்வொரு விரலாக.

புறப்படும் முன் ஒரு யோசனை சொன்னேன். ஸ்டிக் பொத்தானை அம்மா அழுத்தி விட்டால் போதும், விமானம் கிளம்பிவிடும், மீதியை சார் பார்த்துக்கொள்வார் என்று. மீதி என்று நான் சொன்னது என்ன என்று எனக்கே தெரியவில்லை. சார் கண்ணைத் திறக்காமலே தலையை ஆட்டினார். வேண்டாம்.

மதியமே வண்டி பிடித்துச் செங்கல்பட்டுக்குப் போயிருக்கிறார்கள். அந்த அம்மா மாலையில் போன் செய்தார். கோபம் இல்லை. கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். ஸ்கேன் எடுத்தார்களாம். மூளையில் இன்னொரு சின்ன அடைப்பு. வந்து நாளாகிவிட்டது. வந்த அன்றே கூட்டி வந்திருந்தால் ஏதாவது பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். மாத்திரையை மாற்றிக் கொடுத்து, கைக்குப் பயிற்சி சொல்லி, பெரிதாக எதையும் எதிர்பார்க்காதீர்கள் என்று அனுப்பிவிட்டார்.

வந்த அன்று என்பது எது? விமானம் முதன்முதலில் நகராமல் நின்ற நாள். அன்று அந்த அம்மா டாக்டருக்குப் போன் செய்யவில்லை, எங்களுக்குச் செய்தார். அவர் சரியாகத்தான் செய்தார், கேம் நின்றால் யார் டாக்டரைக் கூப்பிடுவார்கள்? நாங்கள் சிபியூ மட்டும் போதும் என்றோம். நான் அதை மேஜையில் வைத்து ரப்பரால் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

இதில் உங்களுக்கு நான் சொல்வதற்கு ஒன்று இருக்கிறது. கடையில் ஓடி வீட்டில் நிற்கிறது என்று யாராவது சொன்னால், அடுத்த முறை பெட்டியைக் கேட்காதீர்கள். எழுந்து போங்கள். அவர்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்காரச் சொல்லுங்கள், வழக்கமாகத் தொடங்குவது போலத் தொடங்கச் சொல்லுங்கள், நீங்கள் திரையைப் பார்க்காமல் அவர்கள் கையைப் பாருங்கள். கூச்சமாக இருந்தாலும் போங்கள்.

இதைச் சொல்லிவிட்டால் மனம் ஆறும் என்று நினைத்தேன். ஆறவில்லை. மேஜையில் உட்கார்ந்த காலம் முழுக்க, பழுது எங்கே என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நம்பியிருந்தேன். அந்த வீட்டில் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தும் அங்கே எதுவும் ஓடவில்லை. ஒரு மனிதரிடம் மிச்சமிருந்தது தன் கம்ப்யூட்டர்தான் கெட்டுவிட்டது என்று சொல்லிக்கொள்ளும் வசதி. அதை நான் எடுத்தேன். எடுத்தது தப்பு என்று சொல்லவில்லை. மறுபடி அந்த வாசலில் நிறுத்தினாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் அதற்குப் பிறகு வேலை முடிந்தது என்று சொல்லி எந்தப் பெட்டியையும் மூட எனக்குக் கை வரவில்லை.

மறுநாள் காலை கடையைத் திறந்தபோது ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. பின் சீட்டில் அதே பூத்துண்டு.

"அந்த ஐயா வுடவே மாட்டேன்றாராம்க்கா. மோவாயால இத்தயே காட்டிக்கினு கீறாரு. அம்மா அய்துக்கினே கட்டிக் குட்த்துச்சி" என்றார் ஆட்டோக்காரர்.

இறக்கி மேஜையில் வைத்தேன். அண்ணா பார்த்துவிட்டு ரப்பரை என் பக்கம் தள்ளினார். பழுது அங்கே இல்லை என்று தெரிந்தும் ரேமைக் கழற்றி ரப்பரால் தேய்த்துப் போட்டேன். கேம் ஓடியது. மாலையில் துண்டில் கட்டித் திருப்பி அனுப்பினேன்.